"இந்த வருஷம் மழை நல்லா இருக்குமாமே!": பருவமழை முன்னறிவிப்பை வைத்து மாடித்தோட்டம் போடுவது எப்படி?

செப்டம்பர் கடைசி வந்துவிட்டால் எங்கள் தெருவில் மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் வானிலை நிபுணர்களாகிவிடுவோம். எதிர்வீட்டு அக்கா மாடியில் நின்றபடியே குரல் கொடுப்பார்: "மழை இயல்பை ஒட்டித்தான் இருக்குமாம், டிவில சொல்லிட்டாங்க. அப்போ பயப்படாம தக்காளி வைக்கலாம்ல?"

நானும் ஒரு வருஷம் அப்படித்தான் நினைத்துப் பன்னிரண்டு பை தக்காளி வைத்தேன். மழையும் சொன்னபடி இயல்பாகத்தான் பெய்தது. ஆனால் நவம்பரில் மூன்று நாள் விடாமல் கொட்டியதில் பூவெல்லாம் உதிர்ந்து, வேர் அழுகி, ஒன்பது பை போய்விட்டது. முன்னறிவிப்பின் மேல் எனக்குப் பயங்கரக் கோபம். யோசித்துப் பார்த்தால் அது பாவம், தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. நான் அதனிடம் கேட்ட கேள்விதான் தப்பு.

பருவகால முன்னறிவிப்பு என்றால் மூன்று மாதம் போன்ற நீண்ட காலத்துக்கு, மழையோ வெப்பமோ வழக்கத்தைவிடக் கூடுமா குறையுமா என்று முன்கூட்டியே சொல்வது. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை, அதை வைத்துக்கொண்டு விதை வாங்குவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. உதாரணங்கள் எல்லாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீளும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் சென்னைப் பக்கத்து மாடித்தோட்டத்தை ஒட்டியவை. நீலகிரியிலோ கன்னியாகுமரியிலோ இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

## கல்யாணச் சமையலும் இலைக் கணக்கும்

கல்யாணத்துக்குச் சமைக்க வரும் மாஸ்டர் முதலில் கேட்பது, "எத்தனை இலை?" நாம் ஐந்நூறு என்கிறோம். அன்று சரியாக ஐந்நூறு பேர் வந்து சாப்பிட்டும் போகிறார்கள். ஆனாலும் முதல் பந்தியிலேயே முந்நூறு பேர் முண்டியடித்து, சாம்பார் பற்றாமல், மாஸ்டர் வியர்த்து விறுவிறுத்துப் போயிருக்கலாம். கடைசிப் பந்தியில் பாதி இலை காலியாகவும் இருந்திருக்கலாம். மொத்தக் கணக்கு சரி. பந்திக் கணக்கைத்தான் யாரும் சொல்லவே இல்லை.

பருவகால முன்னறிவிப்பும் மொத்த இலைக் கணக்குதான். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாகச் சுமார் 44 செ.மீ. மழை பெய்கிறது. வருடம் முழுக்கப் பெய்வதில் இது ஏறத்தாழ பாதி. இந்த 44 என்பது ஒரு வருஷத்து அளவு அல்ல. பல பத்தாண்டு மழையைக் கூட்டி வகுத்து எடுப்பது. இதற்கு நீண்டகாலச் சராசரி என்று பெயர். இந்திய வானிலை ஆய்வுத் துறை இப்போது 1971 முதல் 2020 வரையிலான ஐம்பது ஆண்டுகளை வைத்து அதைக் கணக்கிடுகிறது.

சரி, இயல்பு என்றால் என்ன? சராசரியைத் தொட்டுக்கொண்டு பெய்தால்தான் இயல்பு என்று நினைத்துவிடாதீர்கள். பருவம் முடிந்தபின் ஒரு மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ கணக்குப் பார்க்கும்போது, சராசரிக்கு மேலும் கீழும் 19 சதவீதம் வரை இயல்புதான். அதாவது மாநிலத்தில் 36 செ.மீ. பெய்தாலும் இயல்பு, 52 பெய்தாலும் இயல்பு. பருவத்துக்கு முன்னால் வரும் அறிவிப்பு வேறு அளவுகோலில் பேசும். அது தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம் ஆகிய ஐந்தையும் சேர்த்துத் தென் தீபகற்பம் என்று எடுத்துக்கொண்டு, சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை இயல்பு என்கிறது. டிவியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

ஐந்து பகுதிகளுக்கும் சேர்த்து, மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு எண். அதை வைத்து என் மாடியில் நவம்பர் இரண்டாம் வாரம் தக்காளி பூக்கலாமா என்று கேட்டேன் பாருங்கள்!

இந்த மழை தினம் கொஞ்சமாகச் சீராகவும் பெய்வதில்லை. வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி உருவாகி, சிலசமயம் தாழ்வு மண்டலமாகிப் புயலும் ஆகி, கரைக்கு வரும்போது மொத்தமாகக் கொட்டும். அப்புறம் பத்து நாள் வெயில். 2016-இல் மாநிலத்துக்கே சுமார் 17 செ.மீ.தான், இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. மோசமான வறட்சி. அதே வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலான காற்றோடு சென்னையைக் கடந்தது. நகரத்தில் பெரிய பெரிய மரங்களே சாய்ந்தபோது மாடியில் கட்டிய பந்தல் எம்மாத்திரம்? பருவம் வறண்டது என்று சொன்னதும் உண்மை, தோட்டம் ஒரே நாளில் போனதும் உண்மை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ. கொட்டியது. மாநிலத்தின் பருவ சராசரியைப் போல இரண்டு மடங்கு, ஒரே ஊரில், ஒரே நாளில்.

இதுவரை பார்த்ததன் சாரம்: பருவகால முன்னறிவிப்பு ஒரு பெரிய நிலப்பரப்பின் மொத்த மழையைப் பற்றியது. செடி சாவதோ பிழைப்பதோ தனித்தனி நாட்களால்.

## மூன்று மாதத்தை முன்கூட்டியே சொல்வது எப்படிச் சாத்தியம்?

"நாளைக்கு மழை வருமான்னே ஒழுங்கா சொல்ல முடியல, இதுல மூணு மாசமாம்" என்று சிரிப்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான்.

கல்யாண மண்டபத்துச் சமையலறைக்கே மறுபடி போவோம். அடுப்பிலிருந்து எடுத்த கரண்டி ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். சாம்பார் அண்டா அப்படி ஆறாது. இறக்கி வைத்து ஒரு மணி நேரம் ஆனாலும் பக்கத்தில் போனால் அனல் அடிக்கும். காற்று கரண்டி மாதிரி, இன்றைய நிலை அடுத்த வாரம் இருக்காது. கடல் அண்டா மாதிரி. கடலின் மேற்பரப்பு ஒரு பக்கம் சூடேறினால் அது மாதக்கணக்கில் நீடித்து, மேலே இருக்கும் காற்றின் போக்கை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். பருவகாலக் கணிப்பு பெரும்பாலும் இந்தக் கடல் சூட்டைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

இதில் பிரபலமானது எல் நினோ. பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதிகளில் நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை. அதே இடம் வழக்கத்தைவிடக் குளிர்ந்தால் லா நினா. எல் நினோ வந்தால் வறட்சி என்று நம் ஊர்க் குழுக்களில் வருஷா வருஷம் சுற்றுகிறதே, அது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக்கு ஓரளவு பொருந்தும் செய்தி. நம் வடகிழக்குப் பருவமழைக்கு எல் நினோ பொதுவாகச் சாதகம், லா நினாதான் கொஞ்சம் கெடுக்கும். வடக்கே எழுதியதை அப்படியே மொழிபெயர்த்துப் போடுவதால் வரும் குழப்பம் இது.

இந்தத் தொடர்பும் இரும்பு விதி இல்லை. 2015-இல் வலுவான எல் நினோ. சென்னை வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2016-இல் பசிபிக் லா நினா பக்கம் சாய்ந்திருந்தது, மழையும் பொய்த்தது. ஆஹா, விதி கிடைத்துவிட்டது என்று எழுதி வைத்திருந்தால் 2021 வந்து அழித்திருக்கும். அது லா நினா வருஷம். மழையோ சுமார் 71 செ.மீ., இயல்பைவிட ஏறத்தாழ அறுபது சதவீதம் கூடுதல்.

## ஓடையில் விட்ட இலைகள்

ஏன் இப்படி மாறுகிறது? ஓடும் வாய்க்காலில் ஒரே இடத்தில் பத்து வேப்பிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக விடுங்கள். முதல் ஓரடி தூரம் எல்லாம் ஒன்றாகத்தான் போகும். அப்புறம் ஒன்று கல்லில் மோதி இடப்பக்கம் போகும், ஒன்று சுழலில் மாட்டும். விட்ட இடத்தில் நூலிழை வித்தியாசம், போய்ச் சேரும் இடத்தில் பெரிய வித்தியாசம். வளிமண்டலமும் இப்படித்தான் என்பதை 1963-இல் எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை அறிஞர் கணக்கோடு எழுதினார். சுமார் இரண்டு வாரத்தைத் தாண்டி, இன்ன தேதியில் இன்ன ஊரில் மழை என்று நம்பத்தக்க விதத்தில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

அதனால் கணிப்பாளர்கள் ஒரே இலையை நம்புவதில்லை. தொடக்க நிலையைச் சற்றே சற்றே மாற்றி, கணினியில் அதே பருவத்தைப் பலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். இது தொகுப்புக் கணிப்பு. பத்தில் ஆறு இலை வலக்கரையில் ஒதுங்கினால், வலப்பக்கத்துக்கு 60 சதவீத வாய்ப்பு என்று சொல்வார்கள். அந்த எண்ணின் பெயர்தான் நிகழ்தகவு.

## பகடையில் வண்ணம் மாறுகிறது, அவ்வளவுதான்

ஆறு பக்கம் உள்ள ஒரு பகடையை எடுத்து இரண்டு பக்கத்துக்கு நீலம், இரண்டுக்குப் பச்சை, இரண்டுக்குச் சிவப்பு அடியுங்கள். நீலம் மழை அதிகம், பச்சை இயல்பு, சிவப்பு குறைவு. கடல் எந்தத் துப்பும் தராத வருஷத்தில் நம் கையில் இருப்பது இந்தப் பகடைதான். மூன்றுக்கும் சமமாக, தலா 33 சதவீதம்.

கடல் சாதகமாக இருக்கும் வருஷம் என்ன நடக்கிறது? ஒரு சிவப்புப் பக்கத்தை அழித்து நீலம் அடித்துவிடுகிறோம். இப்போது நீலம் மூன்று, பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று. இதைத்தான் "இயல்பைவிட அதிக மழைக்கு 50 சதவீத வாய்ப்பு" என்று அறிவிக்கிறார்கள். 50 சதவீதம் அதிகமாகப் பெய்யும் என்று இதற்கு அர்த்தமே இல்லை. செய்தித் தலைப்பு எழுதுபவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள்.

அந்த ஒற்றைச் சிவப்புப் பக்கத்தையும் மறக்க வேண்டாம். பகடையை ஆறு தடவை உருட்டினால் ஏறத்தாழ ஒரு தடவை அது விழும். விழுந்தால் முன்னறிவிப்பு பொய் என்று ஆகிவிடாது. ஒரு வருஷத்தை மட்டும் வைத்து அதைச் சரி என்றோ தப்பு என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது. நிறைய வருஷங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் பகடை ஒழுங்காகத்தான் வண்ணம் அடிக்கப்பட்டதா என்று தெரியும்.

நினைவில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். கடல் மெதுவாக ஆறுவதால் பருவத்தைப் பற்றி ஏதோ கொஞ்சம் சொல்ல முடிகிறது. காற்று சீக்கிரம் குழம்புவதால் தேதி சொல்ல முடிவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது, வண்ணம் சற்று மாறிய ஒரு பகடை.

## இனி தோட்டத்துக்கு வருவோம்

முன்னறிவிப்பைப் படிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. இந்தச் செய்தி வேறு மாதிரி வந்தால் என் முடிவு மாறுமா?

தக்காளியையே எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் முதல் வாரம் விதைத்தால் 25 நாளில் நாற்று தயார், மாத இறுதியில் பைக்கு மாற்றுகிறோம். அதிலிருந்து ஒரு மாதம்போல் ஆனால் பூக்கும். அதாவது சரியாக அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம். மாநிலத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரித் தேதியே அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான். நீலமோ பச்சையோ சிவப்போ, எந்த வருஷத்திலும் ஒரு தாழ்வு மண்டலமாவது வந்து அந்தப் பூவை நனைக்க வாய்ப்பு அதிகம். அதே விதையை அக்டோபர் நடுவில், கூரைக்கடியில் குழித்தட்டில் (நாற்று வளர்க்கும் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு) போட்டால் நவம்பர் நடுவிலிருந்து கடைசிக்குள் பைக்குப் போகும், டிசம்பர் பிற்பாதியில் பூக்கும், தை மாதம் காய் பறிக்கலாம். ஆக, தக்காளிக்கு முன்னறிவிப்பு தேவையே இல்லை. தள்ளிப் போடுவதுதான் எல்லா வருஷத்துக்கும் சரி. சின்ன வெங்காயமும் அப்படியே. மண்ணில் ஈரம் நின்றால் அழுகிவிடும் பயிரை ஐப்பசியில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பானேன்?

முன்னறிவிப்பு உதவுவது பங்கீட்டில். என்னிடம் இருபது பை. எந்த வருஷமும் ஆறு பை, மழையைப் பொருட்படுத்தாத கூட்டத்துக்கு: சேம்பு, வள்ளல்கீரை, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை. இவை நின்றால் வீட்டுக்குக் கீரையாவது நிச்சயம். ஆடிப்பட்டத்தில் போட்ட அவரை இரண்டு மூன்று பையில் ஏற்கெனவே கொடி ஓடியிருக்கும். பகல் குறுகி, குளிர் தொடங்கும் நேரத்தில் அது தானாகப் பூக்கும். கத்திரி, வெண்டை நடுத்தரம். சிறுகீரை, கொத்தமல்லி மாதிரி முளைவிட்டதும் ஒரு அடைமழை அடித்தால் படுத்துவிடும் பயிர்கள் அபாயக் கூட்டம். நீலம் அதிகமுள்ள வருஷம் என்றால் அபாயக் கூட்டத்திலிருந்து இரண்டு பையை எடுத்து முதல் கூட்டத்துக்குக் கொடுப்பேன். சிவப்பு அதிகம் என்றால் திருப்பி. இரண்டு பைதான், பத்து இல்லை. பகடையில் ஒரு பக்கம்தானே மாறியிருக்கிறது!

நட்டம் எந்தப் பக்கம் பெரியது என்பதையும் பார்க்க வேண்டும். கிணற்றை நம்பி கொல்லையில் பயிர் செய்பவருக்கு மழை பொய்ப்பதுதான் பெரிய அடி. மாடித்தோட்டக்காரருக்கு மழை வராவிட்டால் குழாயைத் திறந்தால் போதும், தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லாதவரை. கொட்டினால்தான் திண்டாட்டம். அதனால் வறண்ட பருவம் என்று சொன்ன வருஷத்திலும் பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைப்பதையும், அடித்துளைகளை ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுவதையும் நான் விடுவதில்லை. ஒரு மாலை வேலை, செலவில்லை.

அப்புறம், ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காதீர்கள். என் அனுபவத்தில் வேறு எதையும்விட அதிகம் காப்பாற்றியது இதுதான். கத்திரியோ தக்காளியோ, குழித்தட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் மூன்று தடவையாகப் போடுகிறேன். முதல் தொகுதி மழையில் போனால் இரண்டாவது கையில் இருக்கும். விதைக்கு ஆகும் செலவு சில ரூபாய், இழந்த பருவம் திரும்ப வராது. ஈரக் காலத்தில் நாற்று அடித்தண்டு நைந்து சாய்ந்துவிடும். அதற்கு நாற்றழுகல் என்று பெயர். விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, தட்டில் தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் தப்பும்.

## எந்த அறிவிப்பைப் பார்த்து எந்த வேலை?

பருவ அறிவிப்பு விதை வாங்கவும் பைகளைப் பங்கிடவும் மட்டுமே. இந்திய வானிலைத் துறையுடையது செப்டம்பர் இறுதியை ஒட்டி வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் மாவட்டவாரியாகவும் ஒன்று வெளியிடுகிறது. ஆஸ்திரேலியாவில் உருவான ரெயின்மேன் என்ற மென்பொருளை வைத்துச் செய்வது, அதை நம் ஆட்கள் அழகாக 'மழை மனிதன்' என்று எழுதுவார்கள்.

நாற்றைப் பைக்கு எப்போது மாற்றுவது என்பதற்கு இந்திய வானிலைத் துறையிடமிருந்து வாராவாரம் வியாழக்கிழமை வரும் நான்கு வார அறிவிப்பைப் பார்க்கிறேன். அதிலும் முதல் இரண்டு வாரத்தைத்தான். வேளாண் வானிலை அறிக்கை ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் மாவட்டத்துக்கு வருகிறது, மேகதூத் செயலியில் தமிழிலேயே படிக்கலாம். உரம் வைப்பது, வேப்பெண்ணெய் தெளிப்பது எல்லாம் அந்த ஐந்து நாள் கணிப்பைப் பார்த்து. தெளித்த அன்று சாயங்காலம் மழை வந்தால் எண்ணெயும் போச்சு, உழைப்பும் போச்சு. பந்தலை இறுக்கிக் கட்டுவதும், உயரமான செடிகளைச் சுவரோரம் படுக்க வைப்பதும் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தபின். இரண்டு மூன்று மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பு ரேடாரை வைத்துச் சொல்வது. அது நாற்றுத்தட்டை உள்ளே எடுத்து வைக்க.

கைப்பேசிச் செயலிகள் பதினைந்தாம் நாள் மாலை நாலு மணிக்கு மழைத்துளிப் படம் காட்டும். அழகாக இருக்கும், பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள். நாளைக்கு 70 சதவீதம் என்று காட்டினால், இதே போன்ற பத்து நாட்களில் ஏழில் மழை வரும் என்று பொருள். பகலில் 70 சதவீத நேரம் பெய்யும் என்று இல்லை.

## மழை பெய்தும் காய்கிற பை

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். பன்னிரண்டு அங்குல வாயுள்ள பையின் மேற்பரப்பு சுமார் 0.07 சதுர மீட்டர். ஆக, பத்து மில்லிமீட்டர் மழைக்குப் பைக்குள் விழுவது முக்கால் லிட்டருக்கும் குறைவு. அதிலும் கத்திரி இலை குடை மாதிரி பிடித்து வெளியே தள்ளிவிடும். "நேத்துதான் மழை பெஞ்சுதே" என்று தண்ணீர் ஊற்றாமல் விட்டு, நவம்பரில் செடியை வாட விட்டவர்கள் நிறைய. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மாறாக ஒரே நாளில் பத்து செ.மீ. கொட்டினால் பை வழியே ஏழு லிட்டர் ஓடும், சத்தெல்லாம் கரைந்து மொட்டைமாடிக் குழாயில் இறங்கும். வெறித்ததும் ஒரு கைப்பிடி மண்புழு உரம் வைத்துவிடுங்கள்.

இதற்காகவே ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். கடையில் வாங்கியது இல்லை. வாயும் அடியும் ஒரே அகலமாக, சுவர் நேராக இருக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றும். தினமும் காலை எட்டரைக்கு, வானிலை நிலையங்கள் அளக்கும் அதே நேரத்தில், அளந்து காலண்டர் கட்டத்தில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுவேன். சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, தண்ணீர்த் தொட்டியின் நிழலிலும் கூடாது. காற்றில் பறக்காமலிருக்க உள்ளே கல் போடாதீர்கள், அளவு கெட்டுவிடும். நாலு செங்கல்லுக்கு நடுவில் செருகி வைத்தால் நிற்கும்.